செந்தணலின் முப்பத்தொன்றாவது ஓட்டம்

குற்றம் சாட்டப்பட்டவர் தாமாக முன்வந்து அளித்த வாக்குமூலம். காவல் நிலைய முதல் மாடி அறையில் காலை பத்தே காலுக்குத் தொடங்கி எழுதப்பட்டது.

என் பெயரும் வீட்டு முகவரியும் முதல் தாளில் எழுதியிருக்கிறபடி சரி. வயது ஐம்பத்தொன்று. தொழில், பந்தயக் குதிரை லாயத்தில் குதிரைகளைப் பராமரிப்பது. இருபத்தாறு வருடமாக இதே வேலை. லாயத்தில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, கறாரக்கா என்றால்தான் தெரியும். என் கணவர் குதிரைகளை ஏற்றிச் செல்லும் வண்டியின் ஓட்டுநர். என் மீது இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. விளக்கில்லாத சைக்கிளில் போனதற்குக்கூட என்னை யாரும் பிடித்து நிறுத்தியதில்லை.

செந்தணல் என்ற பந்தயக் குதிரைக்கு வலி மருந்து கொடுத்து, ஓடவிட்டு, ஜெயிக்க வைத்தேன் என்பது என்மேல் சொல்லப்படும் குற்றம். இது நிரூபணமானால் என் உரிமம் ஆயுளுக்கும் ரத்து. நான் எந்த லாயத்தின் வாசலையும் மிதிக்க முடியாது. செந்தணலுக்கு மருந்துக் குதிரை என்ற பெயர் நிலைத்துவிடும். நான் மருந்து கொடுக்கவில்லை. பரிசோதனைக்கு எடுத்த புட்டியில் இருப்பது அவளுடைய சிறுநீரே இல்லை. இதை முதலில் எழுதுங்கள் என்றேன். நடந்ததை வரிசைப்படி சொன்னால்தான் எழுத முடியும் என்று எழுத்தர் சொன்னதால் வரிசைப்படி சொல்கிறேன்.

செந்தணல் என்பது பந்தயப் புத்தகத்தில் உள்ள பெயர். செம்பழுப்பு நிறப் பெண் குதிரை, நெற்றியில் வெள்ளைக் கோடு, இடது பின்னங்காலில் வெள்ளை. லாயத்தில் அவளுக்குச் சம்பந்தியம்மா என்று பெயர். தண்ணீர் வாளியைச் சத்தத்தோடு வைத்தால் குடிக்கமாட்டாள். தீவனம் இரண்டு நிமிடம் தாமதமானால் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், யாராவது போய்ச் சமாதானம் சொன்னால்தான் திரும்புவாள். இந்த வாக்குமூலத்தில் சம்பந்தியம்மா என்று வரும் இடத்திலெல்லாம் அது குதிரைதான், என் மகளின் மாமியார் அல்ல என்று தெளிவாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். அந்த அம்மாள் வேறு, தங்கமானவர்.

செந்தணல் இரண்டு வயதில் லாயத்துக்கு வந்தாள். என் கணவர்தான் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். வந்த அன்று முழுவதும் அவள் சிறுநீர் கழிக்கவில்லை. மறுநாள் காலையிலும் கழிக்கவில்லை. புதிய இடத்தில் சில குதிரைகள் அப்படி அடக்கிக்கொள்ளும். குதிரை மருத்துவர் வந்து பார்த்து, மதியத்துக்குள் கழிக்காவிட்டால் குழாய் வைத்து எடுக்க வேண்டும் என்றார். அதன்பிறகு நான் செய்ததை இதுவரை என் கணவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இந்த வழக்கே அதில்தான் நிற்கிறது என்பதால் சொல்கிறேன்.

விசிலடித்துக் குதிரையைச் சிறுநீர் கழிக்கப் பழக்குவது எல்லா லாயத்திலும் உள்ளதுதான். பந்தயம் முடிந்ததும் ஜெயித்த குதிரையிடமிருந்து பரிசோதனைக்குச் சிறுநீர் எடுப்பார்கள். பழகாத குதிரை என்றால் மணிக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் குட்டியிலிருந்தே, அது கழிக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று விசிலடித்துப் பழக்குவோம். பிறகு விசிலைக் கேட்டால் தானாகக் கழிக்கும். ஆண்கள் எல்லோரும் வாயைக் குவித்து நன்றாக, உரக்க அடிப்பார்கள். நான் அப்படி அடிக்கமாட்டேன். எனக்கு ஒன்பது வயதில் தெருவில் விசிலடித்ததற்காக என் அண்ணன் கன்னத்தில் அறைந்து, "பொம்பளப் புள்ளைக்கு விசில் ஒரு கேடா" என்றார். அந்த அறை இன்னும் இந்தப் பக்கக் கன்னத்தில் இருக்கிறது. அதனால் என்னிடம் வரும் குதிரைகளை நான் விசில் பழக்குவதில்லை, பொறுமையாக நின்றுவிடுவேன்.

அன்று மதியம் குழாய் கொண்டுவரப் போய்விட்டார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு, பல்லிடுக்கில், மெதுவாக, இரண்டு நீளம் ஒரு குட்டை என்று விசிலடித்தேன். அரை மணி நேரம் அடித்தேன். அதன்பிறகு அவள் கழித்தாள். அன்றிலிருந்து ஐந்து வருடமும் அதே விசில்தான். ஒவ்வொரு முறையும் மற்றவர்களிடம், "அவளுக்குக் கூச்சம், வெளியே இருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வேன். சம்பந்தியம்மாவுக்கு வெட்கமாம் என்று லாயமே சிரிக்கும். வெட்கம் எனக்குத்தான், அவளுக்கில்லை. வேறு யாராவது அவளிடம் விசிலடித்தால் காதை மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவாள். பந்தயக் கழகம் சிறுநீர் மாதிரி எடுக்கும் கொட்டகையிலும் அதே கதைதான். நான் உள்ளே நின்று கதவைச் சாத்துவேன், கழகத்தின் மருத்துவரும் அவருடைய உதவியாளரும் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்து, அவள் கழிக்கத் தொடங்கியதும் நீளக் கைப்பிடிக் கிண்ணத்தை நீட்டுவார்கள். விசில் அவர்கள் காதுக்கு எட்டாது.

அதன்பிறகு அவளுடைய பந்தயங்கள். முதல் பந்தயத்தில் பதினான்கு குதிரைகள் ஓடின, அவள் பதினான்காவதாக வந்தாள். கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டே ஓடினாள். நான்காவது பந்தயம் வரை அப்படித்தான். பயிற்சியாளர் கைகழுவிவிடப் பார்த்தார். ஐந்தாவது பந்தயத்தில் ஜாக்கி சாட்டையை எடுக்கவேயில்லை. அவள் இரண்டு குதிரை நீளத்தில் ஜெயித்தாள். இறங்கியதும் ஜாக்கி என்னிடம், "சாட்டையைக் காட்டினா நின்னுடறா அக்கா, கேட்டுக்கிட்டா ஓடறா" என்றார். அதை நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். குதிரைக்காரி சொன்னால் யார் காதில் ஏறும்.

நான்கு வயதில் ஐந்து பந்தயம் ஜெயித்தாள். ஐந்தாவது வயதில் முன் வலது காலில் தசைநார் வீங்கிக் கிழிந்தது. இனி இது ஓடாது என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். அதன்பிறகு எட்டு மாதம், காலையில் நாற்பது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம், அந்தக் காலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கைவிரல்கள் ஊறி ஊறி வெளுத்துக் கிடந்தன. ஒன்பதாவது மாதம் நடந்தாள், பதினோராவது மாதம் ஓடினாள், அதற்கடுத்த வருடம் இரண்டு பந்தயம் ஜெயித்தாள். மொத்தம் முப்பது ஓட்டம், எட்டு வெற்றி. இந்த முப்பதிலும், ஜெயித்தபோதெல்லாம் எடுத்த மாதிரிகளில் ஒரு சொட்டு மருந்துகூட இருந்ததில்லை. அந்தத் தாள்கள் எல்லாம் பந்தயக் கழகத்தில் இருக்கின்றன, வரவழைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

முப்பத்தொன்றாவது ஓட்டம்தான் கடைசி என்று முடிவாகியிருந்தது. அவளுக்கு ஏழு வயது. அதன்பிறகு குட்டி ஈனுவதற்காகப் பண்ணைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. ஆயிரத்து அறுநூறு மீட்டர், பன்னிரண்டு குதிரைகள், பிற்பகல் மூன்று நாற்பது, அன்றைய தினத்தின் கடைசிப் பந்தயமும் அதுதான். அவளை யாரும் கணக்கிலேயே வைக்கவில்லை. வயதான குதிரை, ஒரு சுற்று ஓடிவிட்டு வரட்டும், நல்லபடியாக வழியனுப்பலாம் என்று பயிற்சியாளர் ஜாக்கியிடம் சொன்னதை நான் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவளும் கேட்டாள்.

கடைசி நானூறு மீட்டருக்கு வரும்போது ஏழாவதாக இருந்தாள். அதன்பிறகு வேலியோரமாக உள்ளே வந்தாள். அதன்பிறகு ஐந்தாவது. அதன்பிறகு முன்னால் போன இரண்டு குதிரைகளுக்கு நடுவில் ஒரு ஆள் நுழையும் இடம்தான் இருந்தது, அதில் நுழைந்தாள். நான் வாளியைப் பிடித்தபடி வேலிக்கு இந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன். வாளியில் தண்ணீர் இருந்ததா, கொட்டிவிட்டதா என்பது எனக்கு நினைவில்லை. யார் ஜெயித்தது என்று கண்ணால் சொல்ல முடியாமல் புகைப்படத்தைப் பார்த்துச் சொன்னார்கள். ஒரு மூக்கு அளவில் செந்தணல்.

அதன்பிறகு எல்லோரும் சேர்ந்து நின்று படம் எடுத்தார்கள். எட்டு வெற்றியிலும் படத்துக்கு அசையாமல் நிற்கும் குதிரை அன்று நிலைகொள்ளாமல் திரும்பியதில் என் வலது காலை மிதித்துவிட்டாள். லாடம் அடித்த குளம்பு. இரண்டு விரல்கள் முறிந்தன. என்னை முதலுதவி அறைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மாதிரி எடுக்கும் உதவியாளர் வந்து கடிவாளத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நான், "நான் வராம அவ கழிக்க மாட்டா, எவ்வளவு நேரமானாலும் காத்திருங்க" என்றேன். "ஒரு பாட்டில் மூத்திரம்தானேக்கா, நாங்க பாத்துக்கறோம், நீங்க காலைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டிப்போனார். முதலுதவி அறையின் பதிவேட்டில் நான் உள்ளே போன நேரம் 4.05, வெளியே வந்த நேரம் 4.35 என்று எழுதியிருக்கிறது.

அதன்பிறகு நான் ஊன்றுகோலோடு கொட்டகைக்கு வந்தேன். மேசைமேல் இரண்டு புட்டிகள் அரக்கு வைத்து முத்திரையிட்டு இருந்தன. உதவியாளர் தோளில் பையை மாட்டிக்கொண்டு, கிளம்பத் தயாராக நின்றார். மருத்துவர் படிவத்தைக் காட்டி, "குதிரையுடன் இருந்தவர்னு போட்டிருக்கு பாருங்க, அங்க ஒரு கையெழுத்து" என்றார். படிவத்தில் குதிரை உள்ளே வந்த நேரம் 4.10, மாதிரி எடுத்து முடித்த நேரம் 4.17 என்று எழுதியிருந்தது. நான் அதை அப்போது படிக்கவில்லை. கால் விண்விண்ணென்று தெறித்தது. அவள் ஜெயித்த சந்தோஷம் வேறு. கையெழுத்துப் போட்டேன். நான் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். இந்த வழக்கில் நான் செய்த தப்பு இது ஒன்றுதான், இதை நான் மறைக்கவில்லை, யார் கேட்டாலும் சொல்வேன்.

அதன்பிறகு செந்தணலை அவளுடைய அறைக்குக் கூட்டிவந்து, ஐந்து மணி பத்து நிமிடத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வழக்கம்போல் விசிலடித்தேன். அவள் கழித்தாள். நின்று நின்று கழித்தாள், வைக்கோல் முழுவதும் நனைந்து வாசல் வரை ஓடியது. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் கொடுத்த குதிரைக்கு இவ்வளவு எங்கிருந்து வந்தது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஓடிய களைப்பில் நிறையத் தண்ணீர் குடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பரிசோதனை அறிக்கை வந்தது. வலி மருந்து இருப்பதாக எழுதியிருந்தது. இரண்டாவது புட்டியையும் சோதித்தார்கள், அதிலும் அதே மருந்து என்றார்கள். ஒரே குடத்துத் தண்ணீரை இரண்டு செம்பில் ஊற்றினால் இரண்டிலும் ஒரே தண்ணீர்தானே இருக்கும். வெற்றி ரத்து. செந்தணலைத் தனிக் கொட்டகையில் அடைத்தார்கள். நான் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் என் படத்தை ஒட்டினார்கள், இருபத்தாறு வருடம் தினமும் நுழைந்த வாசலில்.

அதன்பிறகு பயிற்சியாளர் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே, "அக்கா, தெரியாம கொடுத்துட்டேன்னு ஒத்துக்கோங்க. ஒரு வருஷம் சஸ்பெண்டு பண்ணுவாங்க, அப்புறம் நான் சேத்துக்கறேன். இல்லேன்னா லாயத்தையே மூடிடுவாங்க, முப்பது பேர் நடுத்தெருவுல நிப்பாங்க" என்றார். என் கணவர் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நான் அறிக்கையைக் கேட்டேன். அதில் மருந்தின் பெயர் இருந்தது. எனக்கு அதை வாயால் சொல்ல வராது, ஆனால் எழுத்தைப் பார்த்தால் தெரியும். எங்கள் வரிசையின் கடைசி அறையில், அலமாரியில் வெள்ளை டப்பா, பச்சை மூடி, அதன்மேல் இதே பெயர். இரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிறேன்.

அந்தக் கடைசி அறையில் இருப்பது தாத்தா என்று நாங்கள் கூப்பிடும் கிழட்டுக் குதிரை. பந்தயத்தில் ஓடுவதில்லை. ஓடும் குதிரைகள் மிரளாமல் இருக்க, அவற்றுக்குத் துணையாகத் தொடக்க இடம் வரை நடந்து போய்விட்டு வருவதுதான் அதன் வேலை. முழங்கால் வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்துத் தினமும் இரண்டு வேளை அந்தப் பொடியைத் தீவனத்தில் கலந்து கொடுக்கிறார்கள். ஓடாத குதிரை என்பதால் அது தவறில்லை. அன்றன்றைய கடைசிப் பந்தயம் முடிந்ததும் தாத்தாவை மாதிரி எடுக்கும் கொட்டகையின் இரண்டாவது அறையில்தான் குளிப்பாட்டுவார்கள், அங்கேதான் குழாயில் தண்ணீர் வேகமாக வரும். அன்றும் அங்கேதான் நின்றது என்று தாத்தாவைப் பார்த்துக்கொள்ளும் ஒல்லி என்பவர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் எழுதிப் பந்தயக் கழக அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்த அதிகாரி என் கடிதத்தைப் பிரிக்காமலேயே படிவத்தை எடுத்துக் காட்டி, "இது உங்க கையெழுத்தா இல்லையா?" என்று கேட்டார். என்னுடையதுதான் என்றேன். "அப்ப முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதன்பிறகு கழகமே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது. வீட்டில் என் கணவர், "வண்டியில குதிரை ஏத்தறதுக்கு முன்னாடி நாலு டயரையும் நான் தட்டிப் பாக்கறேன். நீ ஒரு தாளைப் படிச்சுப் பாக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. மருந்து கொடுத்தாயா என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பதை இங்கே எழுதச் சொன்னேன்.

எனக்கு ஆத்திரம் என்மேல் பழி போட்டதற்காக மட்டும் இல்லை. ஏழு வயதுக் குதிரை ஜெயித்தது என்றதும் மருந்துதான் என்று எல்லோரும் உடனே நம்பிவிட்டார்கள். ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. டீக்கடையில் நிற்பவன்கூட, அதானே பார்த்தேன், கிழம் எப்படி ஓடும் என்கிறான். அவள் ஓடியது அவளுடைய நான்கு கால்களால். அதில் ஒரு காலை எட்டு மாதம் தண்ணீரில் நனைத்தது என் கைகள். அதைப் பார்த்தவர்கள் லாயத்தில் முப்பது பேர் இருக்கிறார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவளை இப்போது எந்தப் பண்ணையும் எடுத்துக்கொள்ளாது என்கிறார்கள். ஆறு வாரத்தில் முப்பது கிலோ இளைத்திருக்கிறாள் என்று ஒல்லி சொன்னார்.

இதற்கெல்லாம் ஆதாரம் என்ன, விசில் கதையைச் சொன்னால் நீதிமன்றத்தில் சிரிப்பார்களே என்று விசாரணை அதிகாரி கேட்டார். என்னை அங்கே கூட்டிப்போங்கள், படிவத்தில் எழுதியிருக்கிற அதே ஏழு நிமிடத்தில் அவளிடமிருந்து ஒரு சொட்டு யாராவது எடுத்துக் காட்டட்டும், நான் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அதிகாரி வண்டியை எடுக்கச் சொன்னார்.

தொடர்ச்சி. அதே நாள், பந்தயத் திடலின் தனிக் கொட்டகையில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கிய சோதனைக்குப் பிறகு எழுதப்பட்டது.

விசாரணை அதிகாரி, எழுத்தர், மாதிரி எடுக்கும் மருத்துவர், அவருடைய உதவியாளர், பயிற்சியாளர், ஒல்லி, நான் ஆகிய ஏழு பேர் இருந்தோம். மதியத்திலிருந்து செந்தணலுக்கு வேண்டிய அளவு தண்ணீர் காட்டியதாக மருத்துவர் சொன்னார். அடுத்த அறையில் தாத்தாவைக் கட்டச் சொன்னது விசாரணை அதிகாரி. செந்தணல் என்னைப் பார்க்கக் கூடாது, நான் சைகை செய்துவிடுவேன் என்று பயிற்சியாளர் சொன்னதால் என்னைப் பின்பக்கச் சுவருக்கு வெளியே நிற்க வைத்தார்கள். இருவருக்கும் நடுவில் முழுச் சுவர், மேலே காற்று வரும் துளைகள் மட்டும். அதனால் உள்ளே நடந்ததை நான் காதால் கேட்டதாக மட்டுமே சொல்ல முடியும்.

முதலில் உதவியாளர் விசிலடித்தார். ஏழு நிமிடம் ஆயிற்று என்று அதிகாரி சொன்னது கேட்டது. இன்னும் ஐந்து நிமிடம் கொடுத்தார். அதன்பிறகு மருத்துவர் அடித்தார், அவருக்குக் காற்றுதான் வந்தது. அதன்பிறகு பயிற்சியாளர். அவள் காலால் தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. அது கோபத்தில் தட்டுவது, எனக்குத் தெரியும். அதன்பிறகு ஒல்லியை அடிக்கச் சொன்னார்கள். லாயத்தில் ஒல்லியைப்போல் விசிலடிக்க ஆள் கிடையாது, பாட்டே பாடுவார். அவர் அடித்த மறுநிமிடம் சிறுநீர் விழும் சத்தம் கேட்டது. அவள்தான் என்று நினைத்தேன். பிறகுதான் எழுத்தர் சிரிப்பதும், "இது இல்லை சார், பக்கத்து ரூம்ல இருக்கிற கிழக்குதிரை" என்று சொல்வதும் கேட்டது. நேரம் 3.41. அதையும் நேரத்தோடு எழுதும்படி சுவருக்கு வெளியிலிருந்தே கேட்டுக்கொண்டேன்.

அதன்பிறகு உதவியாளரின் குரல், "நாலே முக்கால் பஸ்ஸை விட்டா அடுத்தது ஆறே முக்காலுக்குத்தான் சார்" என்றது. அதிகாரி என்னவோ கேட்டார், அது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "எல்லாம் குதிரை மூத்திரம்தானே சார், அதுல இப்படி மருந்து இருக்கும்னு யாருக்குத் தெரியும்" என்று உதவியாளர் சொன்னது தெளிவாகக் கேட்டது. ஐந்து வருடம் ஓடிய ஒருத்தியின் பெயர் ஒரு பஸ்ஸுக்காகப் போயிற்று. நான் சுவரைக் கையால் ஓங்கி அடித்தேன். இதையும் எழுதலாம்.

அதன்பிறகு அதிகாரி என்னை விசிலடிக்கச் சொன்னார். பல்லிடுக்கில் அடித்தால் சுவரைத் தாண்டிப் போகாது. இந்தப் பக்கத்தில் வேறு வேலையாகப் போய்க்கொண்டிருந்த லாயக்காரர்கள் எட்டுப் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள், எல்லோரும் ஆண்கள். நான் வாயைக் குவித்து, ஒன்பது வயதுக்குப் பிறகு முதல் தடவையாக, தெருவுக்கே கேட்கும்படி அடித்தேன். இரண்டு நீளம், ஒரு குட்டை. மூன்றாவது தடவை அடித்தபோது உள்ளே சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டது. நேரம் 3.58 என்று அதிகாரி உரக்கச் சொன்னார். வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு மேசை போட்டு இந்தத் தொடர்ச்சியை எழுதினார்கள். எழுத்தர், "உதவியாளர் மேற்படி தாத்தா என்னும் குதிரையிடமிருந்து மாதிரி எடுத்துச் செந்தணலின் புட்டியில் ஊற்றினார்" என்று என் வாக்குமூலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். அதை அடிக்கச் சொன்னேன். உங்களுக்குச் சாதகமான வரிதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். உதவியாளர் ஊற்றியதை நான் பார்க்கவில்லை. அதை அவரே தம் வாக்குமூலத்தில் சொல்லி அவரே கையெழுத்துப் போடட்டும். செந்தணல் என் விசிலுக்குக் கழித்தாள் என்ற வரியையும் அடிக்கச் சொன்னேன். நான் சத்தத்தைத்தான் கேட்டேன், பார்த்தவர் அதிகாரி. அவர் அந்த வரியைத் தம் கையால் எழுதி, பக்கத்தில் தம் கையொப்பத்தையும் நேரத்தையும் போட்டார். பின்பு இரண்டு குதிரைகளின் பிடரி முடியையும் எடுத்துத் தனித்தனி உறையில் வைத்து, கழகத்தில் உள்ள புட்டியில் இருப்பது எந்தக் குதிரையுடையது என்று மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்க அனுப்பச் சொன்னார்.

அதன்பிறகு என்னை உள்ளே விட்டார்கள். இனிமேல் சொல்வது நான் கண்ணால் பார்த்தது. செந்தணலின் விலா எலும்புகள் தெரிந்தன. நான் கதவருகே போய் நின்றதும் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறு வாரம் வராத கோபம். நான் வாளியைச் சத்தமில்லாமல் வைத்து, வர விடவில்லை, என் தப்பில்லை என்று சொன்னேன். எவ்வளவு நேரம் சொன்னேன் என்று தெரியாது, எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அதன்பிறகு அவள் திரும்பி, என் காலில் இன்னும் அவிழ்க்காத கட்டுத்துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, தலையை என் தோளில் வைத்தாள்.

என் உரிமத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் பந்தயப் புத்தகத்தில் முப்பத்தொன்றாவது ஓட்டத்துக்கு எதிரே எழுதியிருக்கும் ரத்து என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ள பக்கங்கள் எனக்கு வரி விடாமல் படித்துக் காட்டப்பட்டன. அதன்பிறகு நானும் வாங்கி ஒரு தடவை படித்தேன். நான் பார்த்ததைப் பார்த்ததாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறது. பார்க்காதது எதுவும் இதில் இல்லை. அதனால் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
செந்தணலுடன் இருந்தவர்
மாலை 5.10